வரலீங்க மிஸ்

ஜூலை 8, திங்கள்

வட்டார வள மையத்தில் ஒருநாள் பயிற்சி. காத்தாடி ஓடாத பக்கம் இடம் கிடைத்ததால் தூங்க வழியில்லாமல் முழுவதையும் கேட்டுத் தொலைத்தேன்.

பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பிள்ளைகள் தாங்களாகப் புத்தகம் எடுத்து வாசிக்கிற அரைமணி நேரத்தில் டீச்சர் எல்லார் பக்கத்திலும் உட்கார முடியாது, அதனால் தனக்கு எவ்வளவு வந்தது என்று பிள்ளையே பார்த்துச் சொல்லப் பழக்க வேண்டும் என்றாள். "தன்னைத் தானே மதிப்பிடுதல்" என்று பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டாள். நான் கையைத் தூக்கி, "எட்டு வயசுப் புள்ளைக்கு அது எப்படிம்மா தெரியும்? எனக்கே இந்த வயசுல தெரியல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து, நல்ல கேள்வி என்று சொல்லி, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் தக்காளி சாதம். அப்பளம் நமத்துப் போயிருந்தது.

ஜூலை 10, புதன்

சரி, செய்து பார்த்துவிடலாம் என்று இன்று ஆரம்பித்தேன். மூன்றாம் வகுப்பில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டு ரொம்ப நாளாகிறது. துணி காயப்போட்ட மாதிரி அவை பாட்டுக்குத் தொங்கும், வெள்ளிக்கிழமை தூசி தட்டுவோம். இன்று ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னேன். அரைமணி நேரம் சத்தமில்லாமல் படிக்க வேண்டும், மணி அடித்ததும் ஒவ்வொருவரும் மூன்றில் ஒன்று சொல்ல வேண்டும்: வந்துச்சு, பாதி வந்துச்சு, வரல.

மணி அடித்தது. வரிசையாக எழுந்து நின்று வந்துச்சு, வந்துச்சு, வந்துச்சு. ஒரு பிள்ளைகூட பாதி என்று சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் ஒருத்தனைப் பிடித்து, "என்னடா வந்துச்சு?" என்றேன். "யானை வந்துச்சுங்க மிஸ்" என்றான். அட்டையில் யானைப் படம்.

தலைமை ஆசிரியர் பொன்னுச்சாமி சார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "பரவாலீங்களே சாந்தாமணி டீச்சர், ஒரே நாள்ல அத்தன பேருக்கும் வந்துருச்சு" என்றார். கிண்டலா நிஜமா என்று அந்த மனிதர் முகத்தைப் பார்த்து ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை.

ஜூலை 16, செவ்வாய்

பிள்ளைகள் ஏன் பொய் சொல்கிறார்கள் என்று யோசித்ததில் ஒன்று தெரிந்தது. வரல என்று சொன்னால் வீட்டில் அடி, டியூஷனில் அடி, இங்கே நான். இதில் எவன் வாயைத் திறந்து வரல என்று சொல்வான்?

அதனால் இன்று நானே சொல்லிக் காட்டினேன். வீட்டுக்காரருடைய பிரஷர் மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் இங்கிலீஷ் தாளைக் கொண்டுபோய் வகுப்பு முன்னால் நின்று வாசித்தேன். நிஜமாகவே இரண்டாவது வரியில் மாட்டிக்கொண்டேன். "எனக்கு இது வரல" என்றேன். முதல் பெஞ்சு மிதுனா எழுந்து, "அப்பறம் எப்படி மிஸ் உங்கள வேலைல வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு வாய் ஜாஸ்தி. ஆனால் நியாயமான கேள்வி.

ஜூலை 23, செவ்வாய்

வந்துவிட்டது. அதாவது, வரல வந்துவிட்டது.

சொன்னவள் சங்கவி. ஜூன் மாதம்தான் புதிதாகச் சேர்ந்தாள். சத்தியமங்கலத்துக்கு மேலே ஏதோ மலை ஊர்க்காரர்கள். அம்மா கௌசல்யா இங்கே பனியன் கம்பெனியில் பீஸ் மடிக்கிறாள். அப்பா லோடு லாரி, எப்போதாவது வருவார். பிள்ளை ஜன்னலோரம் உட்காரும், இருக்கிற இடம் தெரியாது. இன்று அவள் முறை வந்தபோது எழுந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "வரலீங்க மிஸ்" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. எல்லோரையும் கை தட்டச் சொன்னேன். சங்கவி மாதிரி உண்மையைச் சொல்லத்தான் தைரியம் வேண்டும் என்றேன். பிறகு அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பக்கம் முழுவதையும் அவளோடு சேர்ந்து வாசித்தேன். முடிந்த பிறகும் என் முழங்கையைப் பிடித்தபடியே இருந்தாள். தேங்காய் எண்ணெய் வாசம். சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் விட்டாள்.

ஜூலை 29, திங்கள்

நான் ஒரு மடச்சி. கை தட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா? இன்று மொத்த வகுப்பும் வரல. நன்றாகப் படிக்கிற மிதுனாகூட மூஞ்சியைப் பாவமாக வைத்துக்கொண்டு "வரலீங்க மிஸ்" என்றாள். பொன்னுச்சாமி சார் வாசலில் நிற்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம்.

இனிமேல் வரல என்று சும்மா சொல்லக்கூடாது, எது வரல என்று காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வராத வார்த்தைமேல் விரலை வைக்க வேண்டும். இது அந்தப் பயிற்சிக்காரப் பெண் சொன்னதில்லை, என் சொந்தச் சரக்கு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

'எது வரல' நன்றாக வேலை செய்கிறது. விரலை வைக்கப் போனால் கள்ளத்தனம் குறைந்துவிடுகிறது. ஒருத்தன் முழுப் பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்தான். அவனுக்கு நிஜமாகவே முழுப் பக்கமும் வரவில்லை. அவனை எழுத்துக் கூட்டுகிறவர்களோடு உட்கார வைத்தேன். மூன்று பேர் ளகரத்திலேயே நிற்கிறார்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இத்தனை வருஷம் என்ன கிழித்தேன் என்று தெரியவில்லை.

சங்கவி விரலை வைப்பதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து எது வரல என்று கேட்டால் வாயாலேயே சொல்கிறாள். "பள்ளத்தாக்கு வரலீங்க மிஸ்" என்றாள் இன்று. எவ்வளவு திருத்தமாகத் தன்னைத் தெரிந்து வைத்திருக்கிறாள். பள்ளத்தாக்கை இரண்டு பேருமாக உடைத்து உடைத்துச் சொல்லிப் பார்த்தோம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

துணி துவைத்தேன். மிக்ஸி ஜார் கசிகிறது. அவர் டிவியில் கிரிக்கெட் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். திங்கட்கிழமை ஆனால் தேவலை.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று சங்கவிக்கு 'வெளிச்சம்' வரவில்லை. நேற்று 'குறுக்கும் நெடுக்கும்'. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொல்வாள், என் காதருகே.

அரைமணி நேரத்தில் பாதி இவளிடமே போய்விடுகிறது, மற்றவர்களையும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வராத பிள்ளையிடம்தானே டீச்சர் இருக்க வேண்டும். வேறெதற்காகவும் இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது அவர், "ஏம்புள்ள, அந்தப் புள்ள பேச்சாவே இருக்குதே இப்ப" என்றார். எந்தப் பிள்ளை என்று கேட்டேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். இந்த வீட்டில் சில பேச்சு அதற்கு மேல் போகாது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நரியும் ஓணானும் கதை. நான் அடுத்த வரியை வாசிக்கிறதுக்குள் சங்கவி களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு வருகிற வரி அதுதான். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். படத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாள். அந்தப் பக்கத்தில் படம் இருந்ததா என்று இப்போது ஞாபகமில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கௌசல்யா வந்திருந்தாள். கம்பெனியில் ஒரு மணிநேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க, இடுப்பில் கைக்குழந்தையோடு. குழந்தைக்கு ஒரு வயது இன்னும் ஆகவில்லை. இத்தனை நாள் அவளுடைய மாமியார் பார்த்துக்கொண்டாளாம். இப்போது பெரிய மகன் வீட்டுக்குப் போனவள் வருவதாக இல்லையாம்.

"நான் வேலைக்குப் போகாட்டி அடுப்பெரியாதுங்க மிஸ். இவனப் பாத்துக்க ஆளில்லீங்க. அதான் ரோசனையா இருக்குது, சங்கவிய வூட்ல நிறுத்தீரலாமான்னு" என்றாள்.

மூன்றாவது படிக்கிற பிள்ளையை நிறுத்துவதா என்று படபடவென்று பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவளுக்குப் படிப்பு வருதுங்களா மிஸ்? வந்தா நான் எப்பாடு பட்டாச்சும் அனுப்பறனுங்க."

"வந்துரும்ங்க. கொஞ்சம் நாளாகும்" என்றேன். அது பொய்யில்லையே.

அவள் மகளைக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஏஞ்சாமி, உனக்குப் படிக்க வருதா?"

சங்கவி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "வரலம்மா" என்றாள்.

அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது. பெற்ற தாய் முன்னால்கூடப் பொய் சொல்லாமல் தன்னை எடைபோட்டுச் சொல்கிறதே என்று. "பாத்தீங்களா, எவ்வளவு உண்மையாச் சொல்றா" என்று வேறு சொல்லி வைத்தேன்.

கௌசல்யா குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். "எனக்கும் வரலீங்க மிஸ். ரெண்டாவதோட நிறுத்தீட்டாங்க. அவளும் என்னாட்டவே" என்றாள். வரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

சங்கவி இல்லை. காய்ச்சலாக இருக்கும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்றும் இல்லை. மிதுனாவின் வீடு அதே லைன் வீட்டு வரிசையில்தான். கேட்டேன். "தம்பியப் பாத்துக்கறா மிஸ். இனி வரமாட்டாளாம்" என்றாள்.

பொன்னுச்சாமி சாரிடம் சொன்னேன். "பேரு இருக்கட்டுங்க டீச்சர். பேர அடிச்சா இடைநின்ற பிள்ளைன்னு ஆயிரம் கேள்வி வரும். பரீட்சைக்கு வந்துட்டாப் போதும்" என்றார். நல்ல மனிதர்தான். அதுதான் கஷ்டம், கோபப்படவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

வாசிப்பு நேரம். மிதுனா பாதி வந்துச்சு என்றாள். எது வரல என்றேன். விரலை வைத்தாள். எனக்கு என்ன எரிச்சலோ, "வாயில சொல்லு. சங்கவி சொல்லுவாளே, அந்த மாதிரி" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "வரலன்னா எப்படி மிஸ் வாயில சொல்றது? சங்கவிக்கு வரும், அதனால சொல்லுவா."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். பள்ளத்தாக்கு வரலீங்க மிஸ். வெளிச்சம் வரலீங்க மிஸ். குறுக்கும் நெடுக்கும் வரலீங்க மிஸ். ஒரு எழுத்துத் தட்டாமல், ளகரம் ளகரமாக, றகரம் றகரமாகத் தினமும் என் காதில் அந்தப் பிள்ளை வாசித்துக் காட்டியிருக்கிறது. இந்த வார்த்தை வரல என்று வாயால் சொல்லவே அதை வாசிக்கத் தெரிய வேண்டுமே? இதைக் கண்டுபிடிக்க எட்டு வயசுப் பிள்ளை வேண்டியிருக்கிறது. நான் டீச்சர்.

"சாப்பாட்டு மணில எங்களுக்கே அவதான் மிஸ் கதை படிச்சுக் காட்டுவா. ஏத்த எறக்கமா, நல்லாப் படிப்பா" என்றாள் மிதுனா. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீங்க அவ பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே மிஸ். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

எனக்குத் தெரிந்திருக்கும். எங்கேயோ தெரிந்துதான் இருக்கும். அந்த நரிக்கதைப் பக்கத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். படம் இல்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். கம்பெனிக்குப் பின்னால் தகரம் போட்ட லைன் வீடுகள், எல்லாம் ஒரே மாதிரிக் கதவு. கௌசல்யாவுக்கு ஓவர் டைம். சங்கவி வாசற்படியில் உட்கார்ந்து குழந்தைக்குப் பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். குழந்தை அவள் இடுப்பில் பாதி, காற்றில் பாதி.

"உனக்கு வாசிக்க வரும், இல்ல?" என்றேன்.

நழுவிய குழந்தையை இடுப்பில் மேலே ஏற்றிக்கொண்டாள்.

"எதுக்குச் சாமி வரலன்னு சொன்ன?"

குழந்தையின் வாயைப் பாவாடை நுனியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். பதில் எனக்குத் தெரியும் என்று எழுத விருப்பமில்லை.

திங்கட்கிழமை தம்பியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வா, அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நேற்றும் இன்றும் குழந்தையோடு வந்தாள். பொன்னுச்சாமி சார் நான் கேட்டதற்குத் தலையைச் சொறிந்துவிட்டு, "யாரு கேட்டாலும் எனக்குத் தெரியாதுங்க டீச்சர்" என்றார். அதுவே பெரிது.

பழைய சேலையில் மேஜைக்குக் கீழே தொட்டில் கட்டினேன். வாசிப்பு நேரத்தில் குழந்தை தூங்கியது. சங்கவியிடம், இனிமேல் வந்தால் வந்தது என்று சொல்லு, வந்தாலும் உன் பக்கத்தில் உட்காருவேன் என்றேன். மணி அடித்ததும் எழுந்து, ரொம்ப நேரம் யோசித்து, "பாதி வந்துச்சுங்க மிஸ்" என்றாள். நான் சொன்னதை அவள் முழுசாக நம்பவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். ஆளுக்கொரு ரோஜா. மிதுனா மேடையில் என்னைப் போலவே கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு "எது வரல, எது வரல" என்று நடித்துக் காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சங்கவி சிரித்துக்கொண்டே குழந்தையின் கையைப் பிடித்துக் கைதட்ட வைத்தாள்.

செப்டம்பர் 9, திங்கள்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. வகுப்பிலேயே. பாயில், பெஞ்சில், ஒரு பிள்ளையின் பையில். நானும் சங்கவியுமாகக் கழுவினோம். பையின் சொந்தக்காரனுடைய அப்பா சாயங்காலம் வந்து நின்று கத்தினார். இது பள்ளிக்கூடமா புள்ளை வளர்க்கிற இடமா என்றார். மேலே எழுதிப் போடுவேன் என்றார். அவர் பேசியதில் தப்பு என்று எதை எடுத்துச் சொல்வது?

அவர் போன பிறகு பொன்னுச்சாமி சார், "முடிஞ்ச வரைக்கும் பாத்தாச்சுங்க டீச்சர்" என்றார்.

செப்டம்பர் 11, புதன்

நேற்றிலிருந்து சங்கவி வரவில்லை. அங்கன்வாடிக்குப் போனேன். இரண்டு வயது முடிந்தால்தான் சேர்க்க முடியுமாம். அங்கே இருக்கிற அம்மா தனியாகப் பதினைந்து இருபது உருப்படிகளை மேய்க்கிறாள், சமையலும் அவளே. நான் கெஞ்சக் கெஞ்ச, "டீச்சர், உங்களுக்கே தெரியாதுங்களா" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிட்டாள்.

கௌசல்யாவின் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசினேன். அவளும் ஷிப்ட்டுக்குப் போகிறவள். அந்த வரிசையில் பகலில் வீட்டில் இருக்கிறவர்கள் என்று பார்த்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைகள்தான்.

குழந்தையை நாமே பகலில் வைத்துப் பார்த்துக்கொண்டால் என்ன, நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். டிவி சத்தத்தைக் குறைத்தார். "வேண்டாம் புள்ள. அப்பறம் அது போகயில உன்னால தாங்க முடியாது" என்றார். சத்தமாகப் பேசவில்லை. நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஒரு வழி இருக்கிறது. கௌசல்யா என்ன சொன்னாள்? படிப்பு வந்தால் எப்பாடு பட்டாவது அனுப்புகிறேன் என்றாள். வரல என்று மகள் வாயால் கேட்டதால்தானே நிறுத்தினாள்? வந்துவிட்டது என்று அவள் கண் முன்னால் காட்டிவிட்டால்? இத்தனை நாளும் இது எனக்குத் தோன்றாமல் போனதே. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு.

செப்டம்பர் 15, ஞாயிறு

போய் வந்துவிட்டேன். நடந்ததை நடந்த மாதிரியே எழுதிவிடுகிறேன்.

கௌசல்யா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு, உள்ளேயிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். சங்கவி குழந்தையோடு நிலைப்படியில் நின்றாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "கௌசல்யா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. சங்கவிக்கு நல்லாப் படிப்பு வருது. நானே சரியாப் பாக்கல" என்றேன். பையிலிருந்து கதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, படி சாமி என்றேன்.

சங்கவி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். படித்தாள். முதல் இரண்டு வரி முணுமுணுப்பாக, பிறகு மிதுனா சொன்ன அதே ஏற்ற இறக்கத்தோடு. நான் இதுவரை அவள் தனியாக வாசித்துக் கேட்டதே இல்லை. என் குரலுக்குக் கீழேதான் எப்போதும் அவள் குரல்.

கௌசல்யா நம்பவில்லை. "இது அவ நெட்டுருப் போட்டதா இருக்குமுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டப்பாக்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய பேப்பரை உருவிக்கொண்டு வந்தாள். எண்ணெய்க் கறை, ஒரு மூலையில் மஞ்சள் தூள். அதை மகள் கையில் கொடுத்து, "இதப் படி" என்றாள்.

சங்கவி குழந்தையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு, பேப்பரை ஒரு கையால் பிடித்து வாசித்தாள். "நீலகிரி, ஈரோடு மாவட்டங்களின் மலைப்பகுதிகளில் அடுத்த இரு தினங்களுக்கு இடியுடன் கூடிய மழை பெய்ய வாய்ப்புள்ளதாக" என்று ஒரு மூச்சில். 'வாய்ப்புள்ளதாக'வில் ஒரு தடவை நின்றாள், தானே திருத்திக்கொண்டு போனாள். யாரும் சொல்லித் தராமல் நிற்கவும், திரும்பிப் பார்க்கவும், திருத்தவும் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதமாக வகுப்பில் நான் கத்திக்கொண்டிருந்தது அதைத்தானே.

கௌசல்யா ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வடிந்தது. "அக்கா, இங்க வாங்க. எம்புள்ள பேப்பர் படிக்கறா" என்று அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். அவள் வந்து நின்றதும் மறுபடியும் படிக்கச் சொன்னாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மறுபடியும் படித்தாள். இப்போது சங்கவிக்கே வெட்கம் கலந்த சிரிப்பு. எனக்கும் சிரிப்பு. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

எல்லோரும் போன பிறகு கௌசல்யா என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் வரலீங்க மிஸ். எங்கப்பன் கைநாட்டு. நான் கம்பெனி வண்டியக்கூடக் கலர வெச்சுத்தான் கண்டுபுடிக்கறனுங்க. இவளுக்கு வந்துருச்சு. இனி இவள ஒருத்தன் ஏமாத்த முடியாதுங்க. போதுங்க மிஸ். இது போதும். உங்களக் கும்பிட்டுக்கறனுங்க."

போதும் என்ற வார்த்தை எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. "திங்கக்கெழமை அனுப்பறீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க மிஸ்? அதான் வந்துருச்சுங்களே."

கிண்டலில்லை, குதர்க்கமில்லை. நிஜமாகவே அவளுக்குக் கேள்வி புரியவில்லை. இது மூன்றாம் வகுப்புங்க, இன்னும் எவ்வளவோ இருக்கிறது, கணக்கு இருக்கிறது, பெரிய படிப்பெல்லாம் இருக்கிறது என்று நான் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "இருக்குமுங்க மிஸ். இல்லைங்கல. தம்பி எந்திரிச்சு நடக்கட்டும், அங்கன்வாடில விட்டுட்டு அப்பறம் பாக்கலாமுங்க" என்றாள். எந்தப் பிள்ளை அப்படி நடுவில் விட்டுத் திரும்ப வந்து நான் பார்த்திருக்கிறேன்? பெயர் சொல்ல ஒருத்தரும் இல்லை. அதை அவளிடம் சொன்னேன். அவள் மகளுடைய தலையைத் தடவிக்கொண்டே சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. வரல என்றால் எதற்கு அனுப்ப வேண்டும், வந்துவிட்டது என்றால் எதற்கு அனுப்ப வேண்டும். இரண்டு கதவையும் நானே என் கையால் சாத்தி வைத்திருக்கிறேன்.

டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை ஜாஸ்தி. குடித்தேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் சங்கவி கூட வந்தாள். இடுப்பில் தம்பி தூங்கிப் போயிருந்தான். பஸ் வருவது தெரிந்ததும் என் முழங்கையைத் தொட்டாள்.

"நாளைக்கு யாரு பக்கத்துல உக்காருவீங்க மிஸ்?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்றார், ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வெயில் படாமல் குழந்தையின் முகத்தைத் தன் கழுத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள். டிக்கெட் எடுக்கச் சொல்லி கண்டக்டர் இரண்டு தடவை கேட்டார்.